போட்டது தெரியாத முகம்

என் மகளோடு ஒரு போட்டோவில் நிற்பதற்காக, அறுபத்து மூன்று வயதில் நான் முகத்துக்குப் பூசப் பழகினேன்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது அந்தப் பேச்சு வந்தது. மகள் பண்டாரவளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். மாப்பிள்ளை வீடு பதுளை டவுன். சனிக்கிழமை தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, எங்கள் வரிசை வீட்டுக்கு வந்தவள், நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த கிளாசைக் கையில் வாங்கிக்கொண்டுதான் சொன்னாள்.

"அம்மா, மணையில சித்தப்பாவும் சித்தியும்தான் நிப்பாங்க. அது ஒனக்கே தெரியும்."

தெரியும். அவளுடைய அப்பா போய் பதினொரு வருசம். தாலி அறுத்தவள் மகளைத் தாரை வார்த்துக் கொடுக்க நிற்கக் கூடாது. எங்கள் பக்கம் அது வழக்கம். பெற்றவள் ஒரு ஓரமாக நின்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அதற்கு நான் எப்போதோ மனசைப் பழக்கி வைத்திருந்தேன்.

"போட்டோவுக்கு நீ என் பக்கத்துல நிக்கலாம். அவங்க வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா இந்த மூஞ்சியோட நிக்காத."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், பிள்ளைகளின் கொப்பியில் பிழை பார்க்கிற மாதிரி.

"கன்னத்துல மங்கு. மூக்குல மங்கு. நெத்தியில கூடைக் கயிறு பதிஞ்ச தழும்பு. அந்தப் போட்டோவ பெருசாக்கி ஹோல்ல மாட்டப் போறாங்கம்மா. அவரோட அக்கா, அந்த அண்ணி, சலூன் வச்சிருக்கவங்க. தெனமும் அதத்தான் பாத்துக்கிட்டு இருப்பாங்க."

"பவுடர் போட்டுக்கிறேன்" என்றேன்.

"பவுடர் போட்டா சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி இருப்ப. போட்டதே தெரியக் கூடாது. ஆனா மங்கும் தெரியக் கூடாது. நெச்சுரலா இருக்கணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிரு, சித்தியவே நிக்கச் சொல்றேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு தேத்தண்ணியைக் குடித்தாள். சீனி குறைவு என்றாள். நான் எழும்பிப் போய் சீனி எடுத்து வந்தேன்.

மங்கு என்பது வெயில் கொடுத்தது. நாற்பது வருசம் கொழுந்து எடுத்தால் கன்னத்தில் கருந்திட்டாகப் படர்ந்துவிடும். எங்கள் லயத்தில் அது இல்லாத பொம்பளை யாரும் இல்லை. ஆனால் எனக்கு வேறு ஒரு வியாதியும் உண்டு. என் தோல் எதையும் தாங்காது. என் கல்யாணத்தில் நலங்கு வைத்தபோது மஞ்சள் பட்டே முகம் வீங்கிவிட்டது. மாமியார் சபையில் வைத்து, "இதென்னா, கொளவி கொட்டுன பொண்ண கொண்டாந்திருக்காங்க" என்றாள். குங்குமம் வைத்தால் புண்ணாகும். ஒட்டுப் பொட்டு வைத்தால் பசை பட்ட இடம் வட்டமாக உரியும். நாற்பது வயதில் ஒருதரம் தெமோதரையில் தெருவோரக் கடையில் வெள்ளையாக்குகிற கிரீம் ஒன்று வாங்கிப் போட்டேன். நாலாம் நாள் தோல் வழன்று போய், அது ஆறியபோது மங்கு இரண்டு மடங்கு கறுத்திருந்தது. என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்றைக்கும் காதில் கேட்கும். அதற்குப் பிறகு திருநீறைத் தவிர எதையும் நான் முகத்தில் வைத்ததில்லை.

இதெல்லாம் மகளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் பதுளைக்கு பஸ் ஏறினோம். அவள் கூட்டிப் போன கடையில் சுவர் முழுக்கக் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் நான்தான் நின்றேன். கவுண்டரில் இருந்த பிள்ளைக்கு இருபது வயது இருக்கும். சிங்களப் பிள்ளை, தமிழும் கதைத்தாள்.

"அம்மாவுக்கா?"

"ஆமா" என்றாள் மகள். "சென்சிடிவ் ஸ்கின். நெச்சுரல் லுக் வேணும்."

அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்து, "அம்மாட முகம் இப்பவே நெச்சுரல்தானே" என்றாள். நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பாள்.

"அதத்தான் மறைக்க வந்திருக்கோம்" என்றாள் மகள்.

பக்கத்தில் சாமான் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு குமரிகள் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் நின்றால் இன்னும் பார்ப்பார்கள்.

அந்தப் பிள்ளை மூன்று டியூப் எடுத்து வைத்தாள். மூன்றும் வாசமில்லாதது, அலர்ஜி உள்ளவர்களுக்கு அதுதான் நல்லது என்றாள். "கை தாங்க அம்மா" என்றாள். நான் கையை முந்தானைக்குள் வைத்திருந்தேன். மகள் இழுத்து நீட்டினாள். புறங்கையில் மூன்று கோடு போட்டு, மூன்றாவது கோட்டை விரலால் தேய்த்ததும் அது கையோடு கையாகக் கலந்து காணாமல் போய்விட்டது.

"பாருங்க, சரியா சேருது. போட்டதே தெரியல்ல."

மகள் அப்போது போனில் பேசிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்து, "ஓ, அதையே குடுங்க" என்றாள். பை கட்டும்போது கடைப் பிள்ளை என்னிடம் மெதுவாக, முதலில் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பாருங்கள், அரிப்பு இல்லை என்றால்தான் முகத்துக்குப் போடுங்கள் என்றாள். அன்றைக்கு எனக்கென்று சொல்லப்பட்ட வார்த்தை அது ஒன்றுதான்.

இரண்டு நாள் காதுக்குப் பின்னால் தடவி வைத்திருந்தேன். அரிக்கவில்லை. எனக்கு அதுவே பெரிய சந்தோசம். மூன்றாம் நாள் விடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு முகம் முழுக்கப் பூசினேன். லயத்து அறைக்குள் வெளிச்சம் போதாது. கண்ணாடியில் மங்கு மறைந்துபோய் ஒரே நிறமாகத் தெரிந்தது. நல்லாத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு குடத்தோடு பீலிக்கு, மலைத்தண்ணி விழுகிற இடத்துக்குப் போனேன்.

பீலிக்கரையில் பக்கத்துக் காம்பராக்காரி, எனக்கு அடுத்த அறையில் இருக்கிறவள், நின்றாள். என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். வாய்த் துடுக்கு. என்னைப் பார்த்ததும் குடத்தை இறக்கி வைத்துவிட்டாள்.

"என்னாக்கா, அடுப்புக்குள்ள தலைய விட்டியா?"

நான் குடத்தைப் பீலிக்குக் கீழே வைத்தேன்.

"மூஞ்சி ஒரு நெறம், கழுத்து ஒரு நெறம். வேற யாரோட தலையையோ கொண்டாந்து வச்ச மாதிரி இருக்கு."

அவள் சிரித்த சத்தத்துக்கு லயத்தில் மூன்று கதவு திறந்தது. குடத்தை அங்கேயே விட்டுவிட்டு அறைக்கு வந்துவிட்டேன். வாசல் வெளிச்சத்தில் கைக்கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தேன். அவள் சொன்னது பொய் இல்லை. கரிச்சட்டிதான்.

கடையில் அவ்வளவு சரியாகச் சேர்ந்தது வீட்டில் ஏன் இப்படி ஆனது என்று வெகுநேரம் விளங்கவில்லை. முகத்தைக் கழுவித் துடைத்தபோது, துண்டைப் பிடித்திருந்த கை தாடைக்குப் பக்கத்தில் வந்தது. அப்போதுதான் கண்டேன். கை என் நிறம் இல்லை. வயசாகி வேலையில் பேர் வெட்டிய பிறகும் கூப்பிட்டால் கொழுந்துக்குப் போகிறவள் நான். நாற்பது வருசக் கொழுந்துக் கறை விரலிலும் புறங்கையிலும் ஊறிக் கிடக்கிறது. எந்த சவுக்காரத்துக்கும் போகாது. எங்களில் எல்லார் கையும் அப்படித்தான் என்பதால் அது கறை என்றே எங்களுக்கு ஞாபகம் இருப்பதில்லை. டவுன் பிள்ளை அதைத் தோல் என்று நினைத்து, அதற்குத்தான் நிறம் பார்த்திருக்கிறாள். என் மகளாவது சொல்லியிருக்கலாம். அவளை வளர்த்த கை அது. அவளும் பார்க்கவில்லை.

பீலிக்கரைப் பேச்சு மறுநாளே மலைக்குப் போய்விட்டது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் வரிசையில் நிற்கும்போது பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"அக்காவுக்கு எப்ப மாப்ள பாக்குறாங்க?"

"மகளுக்கு முந்தியா, பிந்தியா?" என்றாள் இன்னொருத்தி.

"அறுத்து பதினொரு வருசம் கழிச்சு ஆசை வந்திருக்கு. பாவம், விடுங்களேன்" என்றாள் மூன்றாமவள். அந்தப் பாவம் என்ற வார்த்தைதான் மற்ற எல்லாவற்றையும்விடச் சுட்டது. தராசுக்காரர்கூட நிலத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

மகளிடம் நிறம் பிழையாகிப் போனதைச் சொல்லவில்லை. சொன்னால் சித்தியை நிறுத்திவிடுவாள். நான் தனியாக பதுளைக்குப் போனேன். தெமோதரையிலிருந்து பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஒரே வசனத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன்: கையில வேணாம், தாடையில போட்டுப் பாருங்க, வெளிச்சத்துல பாக்கணும். கடை வாசலில் நின்று இரண்டு தரம் திரும்பிப் போய், மூன்றாம் தரம்தான் உள்ளே போனேன்.

அதே பிள்ளைதான் இருந்தாள். திறந்த டியூப்பைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்றாள். நான் கொண்டுபோன வசனத்தைச் சொன்னேன். பாதியிலேயே அவளுக்கு விளங்கியது. தாடையில் நாலு நிறம் தடவி, என்னைக் கடை வாசலுக்குக் கூட்டி வந்து, கைக்கண்ணாடியைப் பிடித்துக் காட்டினாள். தெருவில் போகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். லொத்தர் டிக்கட் விற்கிற ஆள் சத்தமாக, "பாட்டிக்கு சினிமாவுல சான்ஸ் கெடச்சிருச்சா?" என்றான். நான் அசையாமல் நின்றேன். அசைந்தால் நிறம் பிழையாகிவிடும் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

இரண்டாவது நிறம்தான் என்னுடையது. முதலில் வாங்கியதற்கும் அதற்கும் நாலு நம்பர் வித்தியாசம். அவ்வளவு வெளிறிய முகம் எனக்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு கல்யாணம் வரைக்கும் ஒவ்வொரு நாளும் விடியக்காலையில் வாசலில் உட்கார்ந்து பழகினேன். முகம் முழுக்கப் பூசினால் சுருக்கத்துக்குள் இறங்கி வரி வரியாக நிற்கும். மங்கு இருக்கிற இடத்தில் மட்டும், ஒரு அரிசி மணி அளவு, மோதிர விரலால் தட்டித் தட்டி வைத்தால் போதும். தேய்த்தால் தோல் சிவக்கும். தடவுவதற்கு முன்னால் வாசமில்லாத கிரீம் கொஞ்சம் பூசி, அது காயும்வரை பொறுத்திருக்க வேண்டும். புதிதாக எதை வைத்தாலும் ஒரே நாளில் இரண்டு சாமான் வைக்கக் கூடாது. எது கடித்தது என்று தெரியாமல் போகும். உதட்டுச் சாயம் ஒன்று மகள் வாங்கித் தந்திருந்தாள். காதுக்குப் பின்னால் தடவியதற்கே தடித்துவிட்டது. அதை விட்டுவிட்டு உதட்டுக்குத் தேங்காயெண்ணெய் தொட்டுக்கொண்டேன். கழுவும்போது வெறும் தண்ணி, பழைய வேட்டித் துணி.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் பக்கத்துக் காம்பராக்காரி தீப்பெட்டி கேட்டு வந்தாள். நின்று என் முகத்தையே பார்த்தாள்.

"என்னாக்கா, ராத்திரி நல்லா தூங்குனியா? மூஞ்சி தெளிவா இருக்கு."

"போட்டிருக்கேன்" என்றேன்.

நம்பாமல் கிட்டே வந்து, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். பிறகு தீப்பெட்டியை வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். அவள் வாயை நான் அடைத்தது அது ஒருதரம்தான்.

கல்யாணம் பண்டாரவளையில் ஒரு ஹோலில். காலையில் வீட்டு வாசலிலேயே போட்டுக்கொண்டு வேனில் போனேன். மணப்பெண் அறையில் மகளை நாற்காலியில் இருத்தி, மாப்பிள்ளையின் அக்கா அலங்காரம் பண்ணிக்கொண்டிருந்தாள். சலூன் வைத்திருக்கிறாள் என்று மகள் சொன்ன அண்ணி அவள்தான். சுற்றி அவர்கள் பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர். மகள் கண்ணாடிக்குள் என்னைப் பார்த்தாள். நான் காத்திருந்தேன்.

"நீ ஒண்ணுமே போடலையா?" என்றாள்.

"போட்டிருக்கேன்" என்றேன்.

"எங்க போட்டிருக்கீங்க அத்தை, கைப்பைக்குள்ளயா?" என்றாள் அந்த அக்கா. அறை முழுக்கச் சிரித்தது.

மகள் சிரிக்கவில்லை. "ஒரு மாசமா சொல்றேன். ஒரே ஒரு நாளைக்கு எனக்காக ஒன்னால முடியல்ல."

போட்டது தெரியக் கூடாது என்று சொன்னவள் அவள். தெரியவில்லை. அதைத்தானே நான் செய்தேன் என்று கேட்க ஒரு வசனம் போதும். வேனில் வரும்போது அந்த வசனத்தை நான் பழகி வரவில்லை.

"விடுங்க, அஞ்சு நிமிசம். வாங்கத்தை" என்று அந்த அக்கா என்னை ஸ்டூலில் இருத்தினாள். ஈர டிஷ்யூ ஒன்றை எடுத்துக் கன்னத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு டிஷ்யூவைப் பார்த்தாள். அதில் என் நிறம் இருந்தது. அவள் தொழில்காரி, அவளுக்குத் தெரியாமல் இருக்காது. கண்ணாடிக்குள் என் கண்ணை ஒருதரம் நேராகப் பார்த்தாள். பார்த்துவிட்டு டிஷ்யூவை இரண்டாக மடித்து, நாலாக மடித்து, கூடைக்குள் போட்டாள். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் சாமானைத் திறந்ததும் வாசம் குப்பென்று அடித்தது.

"எனக்கு வாசம் ஒத்துக்காதும்மா" என்றேன்.

"இது வெளிநாட்டு சாமான் அத்தை. கல்யாணப் பொண்ணுங்களுக்கே இதத்தான் போடுறேன். ஒங்க தோலு அதவிட ஒசத்தியா?"

பூசினாள். மேலே பவுடர் வைத்தாள். கன்னத்துக்குச் சிவப்பு. முடிந்ததும் மகள் திரும்பிப் பார்த்து, "இப்பத்தான் மனுசர் மாதிரி இருக்க" என்றாள். அந்த வார்த்தைக்கு எனக்குச் சந்தோசமும் வந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

தாலி கட்டும்போது நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். கொழுந்தனும் அவர் பெண்சாதியும் மணையில் நின்று என் மகளைக் கொடுத்தார்கள். மேளம் அடிக்கும்போதே கன்னம் சுடத் தொடங்கிவிட்டது. சொறியாமல் கையைக் கையால் பிடித்துக்கொண்டேன். போட்டோ முடியும்வரை தாங்கினால் போதும். ஆனால் போட்டோவுக்கு முதலில் மாப்பிள்ளை வீட்டாரை, பிறகு அவர்கள் சொந்தத்தை, பிறகு கூட்டாளிமாரை என்று கூப்பிட்டுக்கொண்டே போனார்கள். என் முறை வரும்போது இடது கண் பாதி மூடிவிட்டது.

மேடைப் படியில் ஏறினேன். மகள் என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளை, "என்னாச்சு அத்தைக்கு?" என்றார். மகள் குரலைத் தாழ்த்தி, பல்லைக் காட்டிச் சிரித்தபடியே சொன்னாள். கமெரா பார்த்துக்கொண்டிருந்தது.

"போய் கழுவும்மா. போ. சித்தி, நீங்க வாங்க."

இறங்கி ஹோலுக்குப் பின்னால் போனேன். அங்கே குழாயடியில் சாப்பாட்டுக்காரர்களின் பொம்பளைகள் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் முகத்தைக் கழுவினேன். கண்ணுக்குள் எரிந்தது. நிமிர்ந்தபோது ஒருத்தி, "ஆத்தா, சும்மாதான நிக்கிற, அந்தத் தட்ட இங்கிட்டு தள்ளு" என்றாள். தள்ளினேன். அவள் என்னைக் கழுவ வந்தவள் என்று நினைத்துவிட்டாள். நானும் திருத்தவில்லை. குந்தி உட்கார்ந்து கழுவத் தொடங்கினேன். தண்ணி குளிர்ந்து இருந்தது, முகத்துக்கு இதமாக இருந்தது. உள்ளேயிருந்து போட்டோக்காரனின் சத்தம் கேட்டது. "அம்மா, மகளுக்கு இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க. அப்படித்தான் அம்மா." யாரும் அவனைத் திருத்தவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து மகள் மாத்திரம் வந்தாள். கல்யாணப் போட்டோ அல்பம் கொண்டு வந்திருந்தாள். பக்கத்துக் காம்பராக்காரியும் வந்து உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள்.

"அக்காவ எங்க காணோம்?"

"அலர்ஜி வந்திருச்சு" என்றாள் மகள். "நான் எவ்வளவோ சொன்னேன், கல்யாணம் வரைக்கும் முகத்த கவனிக்கவே இல்ல. அண்ணி கடைசி நேரத்துல போட்டு, ஒத்துக்கல்ல."

"யாரு கவனிக்கல்ல?" என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி. "ஒங்கம்மா கல்யாணம் வரைக்கும் வாசல்ல ஒக்காந்து அதேதான் பொழப்பா கெடந்துச்சு. எனக்கே தெரியல்ல, அவ்வளவு நல்லா போட்டிருந்துச்சு."

மகள், பக்கத்துக் காம்பராக்காரி போகும்வரை பொறுத்திருந்து, அல்பத்தை மூடினாள்.

"அன்னைக்கு காலையில போட்டுக்கிட்டுத்தான் வந்தியா?"

"ம்."

"ஏன் சொல்லல்ல?"

"சொன்னேன்."

அவள் யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வந்திருக்கும். எழும்பி என்னருகே, வாசல் பக்கம் வந்து, என் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்கும் காலையில் நான் போட்டிருந்தேன். பழகிவிட்டது.

"இப்ப போட்டிருக்கியா?"

"இல்ல" என்றேன்.

"அப்ப இப்பிடியே நல்லாத்தானம்மா இருக்க" என்றாள். போனை எடுத்து, என் தோளோடு தோளாக ஒட்டி நின்று, கையை நீட்டினாள். சின்னக் கண்ணாடிக்குள் அவள் முகமும் என் முகமும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. ஒரு திட்டு இல்லை. போட்டது தெரியவில்லை. அவள் கேட்டபடியே இருந்தேன்.

அவள் விரல் அமுக்கப் போகும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அம்மா, இங்க பாரு."

"வேணாம்."

"ஒண்ணே ஒண்ணும்மா."

"சித்தி கூடத்தான் எடுத்தியே, அது போதும்" என்றேன்.

அவள் போனை இறக்கிவிட்டு அழுதாள். நான் அடுப்படிக்குப் போய் அரிசி களைந்தேன். அவள் அழுகிற சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. அவள் பஸ்ஸுக்கு இறங்கிப் போகிறவரை திரும்பிப் பார்க்கவில்லை.